கவிழ்த்துப் பார்த்தவள்

கடற்கரையில் பொறுக்கிய பாட்டில்களுக்கு எடைபோட்டுக் கூலி கொடுத்த காலத்தில், தராசுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவள் பிரகாசி. எடை கூட்ட மணலடைத்துக் கொண்டுவருவார்கள் என்பதால், ஒவ்வொரு பாட்டிலையும் மூடி திறந்து உள்ளங்கையில் கவிழ்த்துப் பார்த்த பிறகுதான் தட்டில் வைப்பாள். அவளிடம் யார் பாச்சாவும் பலித்ததில்லை. அல்போன்ஸின் சாக்கில் மட்டும் தினமும் ஒரு பாட்டிலில் மணல் இருக்கும். மணலோடு ஒரு சோழியும் விழும்.

"ஏங்க, தெனமும் மாட்டிக்கிறீங்களே, வெக்கமா இல்ல?"

"நீங்க கவுத்துப் பாப்பீங்கல்ல, அதுக்குத்தான் போடுறேன்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு மணலை உதறினாள். சோழியை உதறவில்லை.

கப்பலேறிப் போன அல்போன்ஸ் திரும்பி வரவேயில்லை.

இப்போது அதே இடத்தில் ஓர் இயந்திரம் நிற்கிறது. எடைக்கு அல்ல, பாட்டிலுக்கு இவ்வளவு என்று காசு. மணலடைத்து யாருக்கும் ஒரு லாபமும் இல்லை. தலை நரைத்த பிரகாசி ஒரு பாட்டிலில் கொஞ்சம் மணலையும், தன்னிடம் மிஞ்சியிருந்த கடைசிச் சோழியையும் போட்டு மூடி, இயந்திரத்தின் வாயில் வைத்தாள். கடகடவென்று விழுங்கியது. விரித்திருந்த உள்ளங்கையில் ஒரு நாணயம் வந்து விழுந்தது.

"கவுத்தே பாக்கலியே," என்றாள் பிரகாசி.