கதவு திறக்கும் பக்கம்

வாசலில் நின்று செருப்பைக் கழற்றினாள். யாரும் நிமிரவில்லை.

தகரப் பந்தலுக்குக் கீழே மூன்று பெண்கள். அதில் ஒருத்தி அம்மா. மடியில் சுளகு. சுளகில் பீடி இலை, தூள், நூல். அவர்களுக்கு நடுவே ஒருத்தி மட்டும் பீடி சுற்றாமல் புத்தகம் வாசித்துக்கொண்டிருந்தாள்.

அண்ணன் பெண்டாட்டி பெனிட்டா. அந்தக் கல்யாணத்துக்கு இவளைக் கூப்பிடவில்லை. போட்டோவில் பார்த்த முகம்தான்.

பெனிட்டா உட்கார்ந்திருந்த இடம் இவளுடையது.

ஆறாம் வகுப்பிலிருந்து இவள்தான் வாசித்தாள். இந்தப் பெண்களுக்குக் கைதான் ஒழியாது, காது சும்மாதானே இருக்கிறது. கன்வென்ஷன் கூட்டத்தில் போடுகிற புத்தகக் கடையில் வாங்கிய கிறிஸ்தவ நாவல்கள். எல்லாம் குடும்பக் கதை. எல்லாவற்றிலும் ஒரு பிள்ளை வீட்டை விட்டுப் போகும். கடைசியில் திரும்பி வரும். கதவு திறக்கும்.

இவளுக்கும் பிடிக்கும். பிடிக்காது என்றால் பொய். காலேஜில் டிகிரி வாங்கிய பிறகும் அந்தப் பக்கத்தை இரண்டு தடவை வாசிப்பாள். சுளகில் கைகள் நிற்கும். எழுத்துத் தெரியாத அம்மா முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "பெத்த மனசு அப்படித்தாம்ட்டி" என்பாள்.

அந்த அம்மாதான்.

இவள் கட்டிக்கொண்டவனும் சர்ச்சுக்குப் போகிறவன்தான். அதே வேதம், அதே பாட்டு. தெரு மட்டும் வேறு. தெரு வேறு என்பதற்காக மூன்று வருஷம் வாயைப் பூட்டிக்கொண்டாள் அம்மா. போனை எடுப்பாள். குரல் கேட்டதும் வைத்துவிடுவாள்.

ஒரு வார்த்தை. திட்டாகவே இருக்கட்டும். அம்மா வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்காமல் திரும்புவதில்லை என்று பஸ்ஸிலேயே முடிவு செய்திருந்தாள்.

"யாரோ வந்திருக்காவ போலுக்கே," என்றாள் செல்வக்கனி சித்தி, சுளகைப் பார்த்தபடி.

பெனிட்டா வாசிப்பை நிறுத்தினாள். எழுந்திருக்கப் போனாள்.

"நிறுத்தாத. படி."

அம்மா சொன்னது மருமகளிடம்.

பெனிட்டாவின் கண் எழுத்தில் நிற்கவில்லை. "ரூபி... பெங்களூரிலிருந்து வந்த... பஸ்ஸை விட்டு... விட்டு இறங்கி..."

"ஏட்டி, நீ படிக்க லெட்சணத்துக்கு அந்தப் புள்ள வீடு வந்து சேர அடுத்த கிறிஸ்மஸ் ஆயிரும்," என்றாள் ஞானப்பூ பெரியம்மை.

செல்வக்கனி சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை.

வாசலில் நின்றவள் பந்தலுக்குள் வந்தாள். பெனிட்டாவின் கையிலிருந்து புத்தகத்தை வாங்கி, பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அம்மா தடுக்கவில்லை. இலையில் தூளை வைத்து உருட்டினாள். நூலைச் சுற்றி அறுத்தாள்.

அவள் வாசித்தாள்.

ரூபி பஸ்ஸை விட்டு இறங்கினாள். மழையில் நனைந்தாள். சொந்தத் தெருவில் தலையைக் குனிந்து நடந்தாள். பழைய குரல் திரும்பி வந்தது. எங்கே நிறுத்த வேண்டும், எங்கே ஓட வேண்டும் என்பதெல்லாம் அதற்கு மறக்கவில்லை. ஞானப்பூ பெரியம்மை மூக்கை உறிஞ்சத் தொடங்கிவிட்டாள். சித்தி "ஐயோ பாவம்" என்றாள்.

அச்சில் இருக்கிற மகளுக்கு எல்லாரும் அழுகிறார்கள்.

ரூபி படியேறினாள். கதவைத் தட்டினாள்.

வாசித்தவள் பக்கத்தைத் திருப்பினாள். முதல் வரியிலேயே இருந்தது. ரூபியின் அம்மா ஓடி வந்து கதவைத் திறந்தாள் என்று.

"உள்ளே விளக்கு எரிந்தது," என்று வாசித்தாள். "கதவு திறக்கவில்லை."

பெனிட்டா எட்டிப் பக்கத்தைப் பார்த்தாள். நாத்தனார் முகத்தைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள்.

"என்னது, திறக்கலையா?" ஞானப்பூ பெரியம்மைக்குக் கோபம் வந்துவிட்டது. "உள்ள ஆள் இல்லையோ?"

"இருக்கு. பெத்தவ உள்ளதான் இருக்கா. தட்டுத சத்தம் அவளுக்குக் கேக்கு."

"சீ, அவளும் ஒரு பொம்பளையா! கோயில் கொளத்துக்குப் போறவளா இல்லையா?"

"போறவதான். முன்வரிசையில உக்காருதவ."

"அதெல்லாமா எழுதியிருக்கு?"

"எழுதியிருக்கு. இந்த மாதிரிப் புத்தகம் வாசிக்கக் கேட்டு அழுவாளாம்."

செல்வக்கனி சித்தியின் கை முதலில் நின்றது. பிறகு ஞானப்பூ பெரியம்மையின் கை. பெரியம்மை அம்மாவைப் பார்த்துவிட்டு, சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள்.



அம்மா மட்டும் சுற்றிக்கொண்டிருந்தாள். ஒன்று. இன்னொன்று. அடுத்த இலை கிழிந்தது. அதைத் தூக்கி எறியவில்லை. விரலுக்கு நடுவிலேயே வைத்திருந்தாள்.

மகள் புத்தகத்தை மூடவில்லை. இனி எழுந்து போ என்பாள் அம்மா. அல்லது அதுவும் சொல்ல மாட்டாள், சுளகை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள். போனை வைப்பது போல.

அம்மா நிமிரவில்லை.

"அந்தப் புள்ள எப்ப கிளம்பிச்சோ," என்றாள், கிழிந்த இலையிடம் கேட்பது போல. "வழியில ஏதும் சாப்பிட்டுச்சா? புத்தகத்துல போட்டிருக்கா?"

மகள் பக்கத்தைப் பார்த்தாள். கதவைத் திறந்தவள் கறுப்பு எழுத்தில் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தாள்.

"போடலம்மா," என்றாள்.