ஆணியில் மாட்டிய மாலை

திலகவதிக்கு எம்.பி.ஏ. படிக்க இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்தது. உள்ளூர்க் கல்லூரியில் பாதிக் கட்டணம் தள்ளுபடி. படித்து முடித்தால் கடன் வசூலிக்கும் வேலைதான். அவள் ஆசைப்பட்ட கல்லூரியோ முழு உதவித்தொகை தந்தது, அப்பாவை இழந்தவள் என்று நம்பி. காணொளி நேர்காணலின்போது பின்சுவரில் அப்பாவின் படம் தெரிந்திருக்கிறது. அறுபதாம் கல்யாணத்து மாலையை வைக்க இடமில்லாமல் அவர்தான் படம் தொங்கிய அதே ஆணியில் மாட்டியிருந்தார். “அப்பா எப்போது தவறினார்?” என்று நேர்காணல் நடத்திய அம்மாள் கனிவாகக் கேட்டபோது, திலகவதியின் வாய் “போன வருஷம்” என்றுவிட்டது. நாளை காலை கல்லூரியிலிருந்து வீட்டைப் பார்க்க வருகிறார்களாம்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்ட அப்பா, கடைக்குப் போய் ஒரு சந்தன மாலை வாங்கிவந்தார். ஸ்டூலில் ஏறித் தன் படத்துக்கு அவரே போட்டார்.

“வேண்டாம்ப்பா. நான் உள்ளூர்லயே படிக்கிறேன்.”

“கோணலா இருக்கா பாரும்மா” என்றார் அப்பா.

இறங்கி, வாசலில் கிடந்த செருப்பைப் பையில் போட்டுக்கொண்டு, நாளை சாயங்காலம்வரை தன் தம்பி வீட்டில் இருப்பதாகச் சொன்னார். உள்ளிருந்தே எல்லாம் கேட்டிருந்த அம்மா வெளியே வந்து படத்தைப் பார்த்தாள். முந்தானை நுனியை எடுத்து நெற்றிப் பொட்டைத் துடைக்க ஆரம்பித்தாள்.