குலுங்காத உயரம்

“உயரமும் வேணும், குலுக்கவும் கூடாதுன்னா எப்படிவே? ரெண்டுல ஒண்ணைச் சொல்லும்.”

மாசானம் ஜீப்புக்கு அடியில் படுத்தபடியே கேட்டார். பட்டாளத்தில் கழித்துப் போட்ட பழைய ஜீப் அது. தாராவியில் இந்த மாதிரி வண்டிகளைத் தூக்கிக் கட்ட அவரை விட்டால் ஆள் கிடையாது. வாய்தான் கொஞ்சம் நீளம்.

“ரெண்டும் வேணும் அண்ணாச்சி,” என்றான் ஞானராஜ். “அம்பர்நாத்துல எங்க லைன் வீடுகளுக்கு முன்னால ஒரு ஓடை. மழைக்கு முழங்காலுக்கு மேல ஓடுது. அதைத் தாண்டி கூட்டாளி சம்சாரத்தைக் கூட்டிட்டு வரணும். நிறைமாசம்.”

“இம்புட்டு நாள் என்ன செஞ்சீரு?”

“தாய் வீட்டுலேர்ந்து வளையல் போட்டுக் கூட்டிட்டுப் போவாவன்னு காத்துக்கிட்டிருந்தாவ. வீட்டுக்குத் தெரியாம முடிச்ச கல்யாணம், யாரும் வரல. தலைப்பிள்ளையை ஆத்தா வீட்டுலதான் பெறணும்னு ஒரே ஏக்கம். வண்டிச் சத்தம் கேட்டாலே வாசலுக்கு வந்துருதாவ. பாக்க மனசு கேக்கல. ஏத்துக்கிடுவாவளோ என்னமோ, கொண்டுபோய் வாசல்ல நிறுத்திரணும்.”

“அது உங்க பாடு. ஆளு கனமா?”

“இல்ல. சரியா சாப்பிடுததில்ல.”

சுத்தியல் சத்தம் நின்றது. “ஒண்ணுமேவா?”

“மோர்ச்சோறு மட்டும் இறங்குது.”

“காலு வீங்கியிருக்கா?”

“ஸ்பிரிங்குக்கு அதெல்லாம் எதுக்கு அண்ணாச்சி?”

“பாரம் தெரியாம பட்டை கட்ட முடியுமா? கேட்டதுக்குப் பதில் சொல்லும்.”

“கொஞ்சம் வீக்கம்தான்.”

மாசானம் வெளியே வந்து கையைத் துடைத்தார். ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூடச் சேர்த்தால் வண்டி நன்றாக உயரும். ஆனால் கல்லில் ஏறினால் ஆளைத் தூக்கித் தூக்கிப் போடும். பட்டையைத் தாங்கும் ஷாக்கிளை நீளமாக்கினால் அவ்வளவு உயரம் வராது, ஆனால் குலுக்கல் அதிகமாகாது. முடிவு சொல்ல அவருக்கு வெகுநேரம் பிடித்தது.

“பட்டை வேண்டாம். ஷாக்கிளை மாத்துதேன். தண்ணி வடியுத நேரம் பாத்து மெல்ல இறக்கும்.”

சாயங்காலம் ஜீப் தயார். ஞானராஜ் ஏறி உட்கார்ந்தான். ஸ்டீரிங்கைப் பிடித்த அவன் கையின்மேல் மாசானம் தன் கையை வைத்தார்.

“கூட்டாளி கதையெல்லாம் போதும் மாப்ளே. நேரா நம்ம வீட்டு வாசலுக்கே கொண்டாந்திரும். எம் மகளை முன்சீட்டுல உக்கார வையும். பின்னால உக்காந்தா சின்னப் பிள்ளையிலேர்ந்தே அவளுக்குக் குமட்டும்.”