பாதுஷாவுக்கு மூட்டு மருந்து

குதிரைக்கார சௌக்கத் அலி, எல்லாரையும் போல வரிசையில் காத்திருந்துதான் கால்நடை கிளினிக்குக்குள் வந்தார். இரண்டு பவுடர் டப்பாக்களை மேசைமேல் வைத்தார்.

“டாக்டர், நம்ம குதிரை பாதுஷாவுக்கு இருபத்திரண்டு வயசாவுது. காலைல முட்டி மடங்கவே மாட்டேங்குது. இதுல எந்தப் பவுடரு குடுக்கலாம்?”

டாக்டர் ரிஃபானா லேபிள்களைப் படித்தார்.

“இந்த டப்பால பாதி சர்க்கரை. மூட்டுக்கான மருந்து எவ்ளோன்னே போடல. அடுத்ததக் கொள்ளுல கலந்து, ஒரு மாசம் விடாமக் குடுங்க.”

சௌக்கத் அலி தயங்கினார். “அடுத்த மாசம் ஒரு மாப்ள ஊர்வலம் கீது. காலடிப்பேட்டைலேர்ந்து மண்டபம் வரிக்கும்...”

“இந்த வயசுல முதுகுல ஆள ஏத்துவீங்களா?” வெளியே இருந்தவர்கள் எட்டிப் பார்க்கும் அளவுக்கு டாக்டரின் குரல் உயர்ந்தது. “குதிரைமேலதான் வருவேன்னு அடம்பிடிக்கிற அந்த மாப்ள யாரு? நம்பரக் குடுங்க, நானே பேசறேன்.”

“நம்பரு உன்கிட்டயே கீதும்மா. நீ கட்டிக்கப்போற அத்னான்தான். ஆசை அவருக்கில்ல, எனக்கு. பாதுஷா சவாரி போய்த்தானே உன்ன டாக்டருக்குப் படிக்க வச்சுது?”

ரிஃபானா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

“முதுகுல யாரும் ஏறக் கூடாது வாப்பா. பாதுஷா மாலை போட்டுகினு முன்னாடி போகட்டும். மாப்ள பின்னாடி நடந்து வரட்டும்.”

“அவ்ளோ தூரம் நடப்பாரா?”

“பாதுஷா போற வேகத்துக்கு நடந்து வந்தாதான் நிக்காஹ்னு சொல்லிடறேன்!”