முழங்கால் மடக்கிய படம்

தலைமையாசிரியை நடு நாற்காலியில் இரண்டாவது தலையணை போட்டு உயர்ந்துகொண்டிருக்கிறார். பின்வரிசையில் நெட்டச்சி முழங்காலை மடக்கிக் குட்டையாகிக்கொண்டிருக்கிறாள். பள்ளிப் படிப்பின் கடைசிப் படத்திலாவது தன் காதலி சுண்டெலியின் பக்கத்தில் நிற்க வேண்டும். இருவர் விரலும் உரசுகின்றன. பையன்களை மறுகோடிக்கு விரட்டிக் காதலையே ஒழித்துவிட்ட நிம்மதி தலைமையாசிரியை முகத்தில். “ஏம்மா நெட்டை, யாரை ஏமாத்தற? பின்னால இருக்கற பெஞ்சு மேல ஏறு,” என்கிறார் புகைப்படக்காரர். “இங்கயே நிக்கறேனே அண்ணா!” “வரிசை கோணுது, ஏறும்மா.” ஏறுகிறாள். “எல்லாரும் சிரிங்க.” நெட்டச்சி பல்லைக் கடிக்கிறாள், தூரத்துக்கு அது சிரிப்பாகத்தான் தெரிகிறது. வெளிச்சம் வெட்டுகிறது. “யாருடி அது, பின்னால திரும்பினது?” கேமராத் திரையை எட்டிப் பார்த்துத் தலைமையாசிரியை அலறுகிறார். “கழுத்து சுளுக்கிடுச்சு மிஸ்,” என்கிற சுண்டெலி, பெஞ்சை அண்ணாந்து பார்த்தபடியே நிற்கிறாள்.