தோல் சுரந்த நீர்

ஔந்த் ஆய்வகத்தின் ஜன்னல் வெயில், வைஷு பிடித்திருக்கும் குப்பியில் மஞ்சளாகத் தளும்புகிறது. ஆய்வகத்தில் வளர்த்த தோல் செல்கள் சுரந்த புரதம் குப்பியிலுள்ள அந்த நீரில் இருக்கிறது. அதுதான் காயத்தை மூடுகிறது என்று கண்டுபிடித்தவள் அவள். அச்சில் வந்த கட்டுரையிலோ அவளுடைய வழிகாட்டி ஆரோக்கியமணியின் பெயர் மட்டும். பக்கத்து அறையில் ப்ரொஜெக்டர் இரைகிறது. டெல்லி விருந்தினர்கள் காத்திருக்கிறார்கள். அவர்களுக்குச் செய்துகாட்ட இருப்பது இந்த ஒரே குப்பி. அவள் அதைக் கைகழுவும் தொட்டியில் நிதானமாகக் கவிழ்க்கிறாள். “அரே, என்ன பண்றே வைஷு!” வாசலில் நின்று ஆரோக்கியமணி அலறுகிறார். “போன வருஷம் செல் வளர்த்த இந்தத் தண்ணியை எடுத்து வைக்கட்டுமான்னு கேட்டேன். வேஸ்ட், சிங்க்ல கொட்டுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?” கடைசிச் சொட்டும் விழுந்தபின், அவரைப் பார்த்தபடியே குழாயைத் திறந்துவிடுகிறாள்.