ஈரம் ஆகாது

உலைக்குப் பத்தடி தள்ளிச் சுண்ணாம்பில் ஒரு கோடு. போட்டவர் குப்பண்ணன். அதைத் தாண்டியவர்களை வாய்க்கு வந்தபடி திட்டுகிறவரும் அவரேதான்.

வடகரப்பதி மாரியம்மன் கோயிலுக்கு மணி வார்க்கும் நாள் அது. பெண்கள் பழைய செம்பு, பித்தளைப் பாத்திரங்களோடு வரிசையில் நின்றார்கள்.

பொறி பட்டால் உருகி உடம்போடு ஒட்டிக்கொள்ளும் என்று டெரிலின் சட்டைக்காரர்களை வாய்க்கால் கரை வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் விரட்டியாயிற்று. உலை முன்னால் தேங்காய் உடைக்க வந்த பூசாரிக்கும் அதே கதிதான். உருகிய செம்புக்கு அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் அகப்பட்டால் போதும், வெடித்துச் சிதறி ஆளைப் பொசுக்கிவிடும் என்று குப்பண்ணன் காலையிலிருந்து நாற்பது தடவை சொல்லிவிட்டார்.

ஒவ்வொரு பாத்திரத்தையும் தட்டி, கவிழ்த்து, அனலில் காயவைத்து, அப்புறம்தான் இடுக்கியால், உலையில் செம்பு உருகிக்கொண்டிருந்த மூசைக்குள் இறக்கினார். தன் நிதானத்தை ஊரே பார்க்கிறது என்பதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் ஏறியிருந்தது.

கடைசியாக வந்தவள் அவர் மனைவி நாச்சம்மாள். புளி போட்டுத் துலக்கிய சின்னச் சொம்பு ஒன்றை நீட்டினாள்.

சொந்த வீட்டுச் சொம்பை எவன் தட்டிப் பார்ப்பான்? வாங்கினார், மூசையில் விட்டார்.

விட்ட பிறகுதான் கண்ணில் பட்டது. சொம்பின் வாய் அடைத்திருந்தது.

அவருடைய அப்பா காசியிலிருந்து கொண்டுவந்த சொம்பு. சாகக் கிடக்கிறவர் வாயில் ஊற்றுவதற்கென்று கங்கைத் தண்ணீரை அடைத்து, கறுத்துப்போய்ப் பரணில் கிடந்த சொம்பு.

குப்பண்ணன் ஓடினார். மற்றவர்களையும் ஓடச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றியபோது வாய் நிறைய வாய்க்கால் தண்ணீர் இருந்தது.

வெடிக்கவில்லை.

மெல்லத் தலையைத் தூக்கினார். ஊர் மொத்தமும் வாய்க்காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. உலையருகே நாச்சம்மாள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

கைக்கெட்டும் தூரத்தில் நின்றவள். இருபது வருடம் கூட வாழ்ந்தவள். அவளைப் பிடித்து இழுக்கக்கூடத் தோன்றவில்லையே என்று நினைக்க நினைக்க அவருக்கு உடம்பு கூசியது. ஊருக்குக் கோடு போட வந்துவிட்டாராம் பெரிய மனுஷர்.

வேட்டி சொட்டச் சொட்ட உலையை நோக்கி நடந்தார். அவள் எதிரே வந்து கையை நீட்டித் தடுத்தாள்.

"ஈரத்தோட கோட்டத் தாண்டாதீங்க."

நின்றார். தண்ணீர் அடைத்த சொம்பு என்று தெரிந்துமா ஓடாமல் நின்றாய் என்று கேட்க வாயெடுத்தார். அவள் முந்தானையால் அவர் தலையைத் துவட்டிக்கொண்டே, மற்றவர் காதில் விழாதபடி சொன்னாள்.

"அது வெறுஞ் சொம்புங்க. வாயில இருந்தது நான் வெச்ச மெழுகு. நீங்க சொரத்துல கெடந்தப்ப, விடியறவரைக்கும் தாங்காதுன்னு வைத்தியர் சொல்லீட்டுப் போனாருங்களே, அன்னிக்கே அந்தத் தண்ணிய உங்க வாயில ஊத்தீட்டனுங்க."